ஒன்பது மாதத்தோடு நின்றுவிடும் நினைவூட்டல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணியையும் செய்யாற்றையும் ஒட்டிய கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். குழந்தைகளின் தடுப்பூசி, எடை, வளர்ச்சிப் பரிசோதனை ஆகியவற்றுக்கான தேதிகளைப் பெற்றோரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பி நினைவூட்டும் முறையைப் பற்றி, என் அனுபவத்தில் பட்டதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன். முறை நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பச்சைக் குழந்தையின் தாய்க்கு நினைவூட்ட ஊரே இருக்கிறது. கைபேசி இல்லாவிட்டாலும் அவள் வந்துவிடுவாள். நினைவூட்டல் உண்மையில் தேவைப்படும் காலம் குழந்தைக்கு ஒன்பது மாதம் கடந்த பிறகுதான் தொடங்குகிறது. அந்தக் காலத்தைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகக் கவலைப்படுகிறோம்.

முதல் ஒன்பது மாதம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கர்ப்பம் உறுதியானதும் பெண்ணின் பெயர், கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் அரசின் பிக்மி தளத்தில் ஏறிவிடுகிறது. அங்கே கிடைக்கும் ஆர்.சி.எச். எண் என்னும் தாய்-சேய் நலப் பதிவு எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது கடினம் என்பது இன்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரியும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் தவணைகளில் சில, குழந்தைக்கு உரிய தடுப்பூசிகள் போடப்பட்ட பிறகே வங்கிக் கணக்கில் சேரும். தாய் தன் அம்மா வீட்டில் இருப்பாள், வேலைக்குப் போகமாட்டாள், ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று ஊசித் தேதிகள் அடுத்தடுத்து வருவதால் ஒன்றை மறப்பதற்குள் மற்றொன்று வந்து நிற்கும். இடையில் நாங்களும் வீட்டுக்குப் போய்த் தொப்புளைப் பார்ப்போம், பால் குடிக்கிறதா என்று கேட்போம். ஒன்பதாவது மாதத்தில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசியின் முதல் தவணை போட்டு, வைட்டமின் ஏ திரவம் கொடுத்து அனுப்புகிற வரை பெரும்பாலான குழந்தைகள் எங்கள் கையைவிட்டுப் போவதில்லை.

அதற்குப் பிறகு இந்தக் கயிறுகள் எல்லாம் ஒன்றாக அவிழ்ந்துவிடுகின்றன. நிதியுதவி முடிந்திருக்கும், சான்றிதழ் கையில் இருக்கும், தாய் கணவன் ஊருக்கோ வேலைக்கோ திரும்பியிருப்பாள். அடுத்த ஊசிக்கு ஏழு மாதத்துக்குக் குறையாத இடைவெளி. பதினாறு மாதத்திலிருந்து இருபத்து நான்கு மாதத்துக்குள் தட்டம்மை ரூபெல்லாவின் இரண்டாம் தவணை, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றையும் தடுக்கும் முத்தடுப்பு ஊசியின் முதல் ஊக்கத் தவணை (பூஸ்டர்), போலியோ சொட்டு மருந்து ஆகியவை கொடுக்கப்படவேண்டும். வைட்டமின் ஏ ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து வயது வரை, மொத்தம் ஒன்பது தவணை. ஐந்து வயது முடிந்து ஆறுக்குள் முத்தடுப்பு ஊசியின் இரண்டாம் ஊக்கத் தவணை. இந்த நீண்ட காலம் முழுவதும் எடையும் உயரமும் பார்க்கப்படவேண்டும். ஆனால் ஒரு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் தாயிடம் கேட்டால், "ஊசியெல்லாம் போட்டாச்சே நர்சம்மா, இன்னும் என்ன இருக்கு?" என்றுதான் பதில் வரும். அவளைக் குறை சொல்ல முடியாது. கடைசி ஊசி போட்ட அன்று நாங்களே, 'அப்பாடா, முடிந்தது' என்ற முகத்தோடுதான் அவளை அனுப்பி வைத்திருப்போம்.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 12 முதல் 23 மாத வயதுள்ள குழந்தைகளில் முழுத் தடுப்பூசி பெற்றவர்கள் தமிழ்நாட்டில் 2015-16-இல் 69.7 சதவீதமாக இருந்து, 2019-21-இல் 89.2 சதவீதமாக உயர்ந்தார்கள். பெருமைப்பட வேண்டிய முன்னேற்றம்தான். அதில் எங்கள் கால் செருப்புத் தேய்ந்த கணக்கும் இருக்கிறது. ஆனால் அந்த 'முழு' என்ற சொல்லுக்குள் அடங்குவது காசநோய்க்கான பி.சி.ஜி., முத்தடுப்பும் போலியோவும் மும்மூன்று தவணை, தட்டம்மை ஒரு தவணை ஆகியவையே. ஊக்கத் தவணைகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஊக்கத் தவணை விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் போகவேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அரிதான கேரளத்தில், மலப்புரம் மாவட்டத்தில் 2016-இல் தொண்டை அடைப்பான் மீண்டும் தலைகாட்டியது. ஊசி போடாதவர்களும், தொடங்கி இடையில் விட்டவர்களும் இருக்கும் இடத்தைத்தான் அந்த நோய் தேடிப் பிடிக்கும்.

குறுஞ்செய்தி வருவதற்கு முன்பு நாங்கள் எப்படி நினைவில் வைத்துக்கொண்டோம் என்பதைச் சொன்னால், இன்றைய முறையில் எது விட்டுப்போகிறது என்பது விளங்கும். எங்களிடம் ஒரு துணிப்பை இருந்தது. ஆணியில் மாட்டினால் சுவரில் காலண்டர் போலத் தொங்கும். அதில் வரிசையாகப் பதினான்கு சிறு பைகள் தைத்திருக்கும். குழந்தையின் தடுப்பூசி அட்டையில் ஒரு பாதி தாயிடம் இருக்கும், மறு பாதியைக் கிழித்து நாங்கள் வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் ஊசி போட்ட குழந்தை அடுத்து மே மாதம் வரவேண்டும் என்றால், அதன் சீட்டு மே மாதப் பைக்குள் போகும். மே மாதம் வந்து ஊசி போட்டுக்கொண்டால் சீட்டு ஜூனுக்கு நகரும். பதின்மூன்றாவது பை, ஊரை விட்டுப் போனவர்களுக்கும் இறந்துபோன குழந்தைகளுக்கும். பதினான்காவது, எல்லாம் போட்டு முடித்தவர்களுக்கு. மாதக் கடைசியில் பைக்குள் கைவிட்டால் மிஞ்சிக் கிடக்கும் சீட்டு எதுவோ, அதுதான் நான் தேடிப் போகவேண்டிய வீடு. ஓரம் மடங்கி, வியர்வையில் ஊறி, பேனா மை கலைந்த அந்தச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு வியாழனும் வெள்ளியும் நடந்திருக்கிறேன். அந்தப் பை நினைவூட்டியது தாய்க்கு அல்ல, எனக்கு. இன்றைய குறுஞ்செய்தி தாய்க்கு நினைவூட்டுகிறது. அவள் வராமல் போனால் யாருக்கு நினைவூட்டுகிறது என்பதே என் கேள்வி. இந்தக் கேள்விக்குப் பின்னால் திரும்பி வருகிறேன்.

தேடிப் போன வீடுகளில் என்ன கண்டேன் என்பதையும் சொல்லவேண்டும். ஊசியே வேண்டாம் என்று மறுத்தவர்களை என் பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து எண்ணினாலும் இரண்டு கை விரல்களைத் தாண்டாது. மற்றவர்கள் எல்லாரும் மறந்தவர்கள், அல்லது தேதி தெரிந்தும் அன்றைக்கு வரமுடியாதவர்கள். செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலைக்குப் போகும் ஒரு பெண் என் நினைவில் நிற்கிறாள். விடியுமுன் கம்பெனிப் பேருந்து தெருமுனைக்கு வந்துவிடும். இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். குழந்தை மாமியாரிடம். தடுப்பூசி நாள் தமிழ்நாட்டில் புதன்கிழமை. புதனன்று விடுப்பு எடுத்தால் அந்த மாதத்து வருகைப் படி போய்விடும் என்பதால், மாமியாரையாவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லலாம் என்றிருந்தாள். ஆனால் எந்தப் புதன் என்பது மாமியாருக்குத் தெரியாது. மருமகளுக்குத் தெரியும், ஆனால் அந்தப் புதன் வருகிறபோது அவள் தையல் இயந்திரத்தின் முன்னால் இருப்பாள். அட்டை, பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில். நான் போனபோது குழந்தைக்கு இருபத்தோரு மாதம். இத்தகைய வீட்டுக்கு வேண்டியது அறிவுரை அல்ல. முதல் நாள் மாலை கையில் வந்து விழும் ஒரு வரி.

அந்த ஒரு வரியின் பலன் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு, மென்பொருள் வேலையில் இருக்கும் என் மகனைத் தொந்தரவு செய்து சில ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துச் சீர்தூக்கும் காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட தொகுப்பில், எந்த நினைவூட்டலும் இல்லாதபோது குறித்த நாளில் மருத்துவரிடம் வந்தவர்கள் 67.8 சதவீதம், கைபேசிச் செய்தி பெற்றவர்களில் 78.6 சதவீதம், தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லப்பட்டவர்களில் 80.3 சதவீதம். கூப்பிடுவதற்கும் செய்திக்கும் பலனில் பெரிய வேறுபாடில்லை, செலவில் இருக்கிறது. தடுப்பூசியை மட்டும் எடுத்துக்கொண்ட 2018-ஆம் ஆண்டுத் தொகுப்பு, கடிதம், தொலைபேசி, குறுஞ்செய்தி என எந்த வகை நினைவூட்டலானாலும் சராசரியாக நூற்றுக்கு எட்டுப் பேர் கூடுதலாக வருகிறார்கள் என்கிறது. எட்டு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒரு துணை சுகாதார நிலையத்தில் ஆண்டுக்கு எண்பது குழந்தைகள் பிறந்தால், அது ஆறு, ஏழு வீடுகள். மிஞ்சிய சீட்டோடு வெயிலில் நடந்தவளுக்கு ஆறு, ஏழு வீடுகள் எவ்வளவு தூரம் என்று தெரியும்.

அதே சமயம், செய்தி அனுப்பிவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று நம்புகிறவர்கள் மேற்குக் கென்யாவில் நடந்த ஆய்வைப் பார்க்கவேண்டும். 2017-இல் வெளியான அந்த ஆய்வில், எதுவும் அனுப்பப்படாத கிராமங்களில் ஒரு வயதுக்குள் முழுத் தடுப்பூசி பெற்றவர்கள் 82 சதவீதம். குறுஞ்செய்தி மட்டும் பெற்ற கிராமங்களில் 86. குறுஞ்செய்தியோடு, உரிய காலத்தில் போட்ட ஒவ்வொரு ஊசிக்கும் 200 கென்ய ஷில்லிங் பெற்ற கிராமங்களில் 90. இவற்றில் முதல் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற அளவுக்கே இருந்தது. ஏற்கெனவே நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வந்துகொண்டிருக்கும் இடத்தில் செய்தி பெரிதாக எதையும் கூட்டிவிடாது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நம் மாநிலத்தில் முதல் ஒன்பது மாதம் அப்படிப்பட்ட இடம். பதினாறாவது மாதமும் ஐந்தாவது வயதும் அப்படிப்பட்டவை அல்ல.

செய்தியைக் கண்டுபிடிக்கவேண்டிய நிலையிலும் நாம் இல்லை. கோவிட் காலத்துக் கோவின் தளத்தின் வழியில், குழந்தைகள், கர்ப்பிணிகளின் தடுப்பூசிகளைப் பதிவதற்காக மத்திய அரசு உருவாக்கிய யுவின் தளம், பதிவு செய்ததும் ஒரு செய்தி, ஊசி போட்டதும் ஒரு செய்தி, அடுத்த ஊசிக்கு முன் ஒரு செய்தி என்று அனுப்பும் வகையில்தான் அமைந்திருக்கிறது. குழாய் இருக்கிறது, தண்ணீரும் வருகிறது. எந்த வீட்டு வாசலில் போய்க் கொட்டுகிறது என்பதுதான் பார்க்கவேண்டியது.

முதலில், யாருடைய எண். கர்ப்பம் பதியும்போது கொடுக்கப்படும் எண் பெரும்பாலும் கணவனுடையது. அவன் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பான். செய்தி அங்கே போகும். அன்று இரவு வீட்டுக்குப் பேசும்போது சொல்ல மறந்துபோவான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் இந்திய அளவில் சுமார் 54 சதவீதம்தான். தமிழ்நாட்டின் நிலை இதைவிட மேல் என்றாலும், எல்லாத் தாய்மார் கையிலும் கைபேசி இருக்கிறது என்ற கணக்கில் திட்டம் போடமுடியாது. மேலும், எண் மாறிக்கொண்டே இருக்கும். சலுகை விலையில் புதிய சிம் கிடைத்தால் பழையதைத் தூக்கிப் போடுவார்கள். தொண்ணூறு நாள் பயன்படுத்தாமல் கிடக்கும் எண் பின்னர் வேறொருவருக்குப் போய்ச் சேரும். பிறந்தபோது கொடுத்த எண்ணுக்கு ஐந்தாவது வயதில் செய்தி அனுப்புவது, வீடு மாறிப் போனவர்களின் பழைய கதவைத் தட்டுவது போன்றது. ஒவ்வொரு ஊசியின்போதும், "இதே நம்பர்தானேம்மா?" என்று கேட்டுத் திருத்தவேண்டும், தாயின் எண்ணோடு, குழந்தை பகலில் யாரிடம் இருக்கிறதோ அந்தப் பாட்டியின் அல்லது பெரியம்மாவின் எண்ணையும் வாங்கிக்கொள்ளவேண்டும். இதில் நான் செய்த தவறு ஒன்றும் உண்டு. கைபேசியே இல்லாத குடும்பங்களுக்குப் படிவத்தில் அந்தக் கட்டத்தை வெற்றாக விடமுடியாமல் என் எண்ணையே எழுதிவிட்டேன். விளைவு, ஓய்வு பெற்ற பின்னும் ஏழெட்டுக் குழந்தைகளுக்கு நான்தான் தாய்.

அடுத்து, மொழி. என் மருமகளுக்கு, பேரனைக் காட்டிய ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து நினைவூட்டல் வந்தது. நள்ளிரவுக்குச் சற்று முன்பு, முழுக்க ஆங்கிலத்தில், தடுப்பூசியின் சுருக்கெழுத்துப் பெயரோடும் ஒரு நீல நிற இணைப்போடும். எம்.காம். படித்த மருமகளே அதை வங்கி மோசடிச் செய்தி என்று நினைத்து அழித்துவிட்டாள். அவளைப் பாராட்டத்தான் வேண்டும். தெரியாத இணைப்பைத் தொடாதே என்று காவல்துறையும் வங்கியும் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்க, அதே உருவில் மருத்துவமனையும் செய்தி அனுப்பினால் மக்கள் எதை நம்புவார்கள்? அரசுச் செய்தியானாலும் தனியார் செய்தியானாலும் அதில் இணைப்பே இருக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. தகவல் முழுவதும் அந்த வரியிலேயே இருக்கவேண்டும்.

தமிழில் அனுப்பினால் செலவு கூடும் என்று ஒரு கூட்டத்தில் அதிகாரி ஒருவர் சொன்னபோது எனக்குப் புரியவில்லை. மகன்தான் விளக்கினான். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து இடம். தமிழில் 70 இடம்தான். அதிலும் நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவதைக் கணினி அப்படி எண்ணுவதில்லை. 'டு' என்றால் 'ட' ஓர் இடம், உகரக் குறி ஓர் இடம். 'ப்' என்றால் புள்ளிக்குத் தனி இடம். ஐந்து எழுத்துள்ள 'தடுப்பூசி' என்ற சொல் ஒன்பது இடங்களை எடுத்துக்கொள்கிறது. அன்று மாலை ஒரு தாளை எடுத்துக்கொண்டு, எழுபது இடத்துக்குள் ஒரு தாய்க்கு என்ன சொல்லலாம் என்று எழுதி எழுதி அடித்துப் பார்த்தேன். கடைசியில் வந்தது இது: "நாளை புதன். மித்ரா தடுப்பூசி, எடை. காலை 9-12 துணை நிலையம். அட்டை தேவை." புள்ளியும் இடைவெளியும் உட்பட, மகன் எண்ணிப் பார்த்து மிகச் சரியாக எழுபது என்றான். குழந்தையின் பெயர் இருக்கிறது. நாள், நேரம், இடம் இருக்கின்றன. தடுப்பூசியின் பெயர் இல்லை. அது தாய்க்குத் தேவையும் இல்லை. இருந்தாலும் எனக்கு மனம் நிறையவில்லை, ஏனென்றால் செவிலியரின் பெயருக்கு இடமில்லை. 'சுகாதாரத் துறை' என்ற பெயரில் வரும் செய்தி வேறு, வாரம் ஒருமுறை தெருவில் பார்க்கும் நர்சம்மாவின் பெயரில் வரும் செய்தி வேறு. அதற்காக இரண்டாவது செய்தியின் காசு ஆகுமானால் ஆகட்டும். வராத ஒரு குழந்தையைத் தேடிச் செவிலியர் ஒருமுறை வண்டியில் போய்வரும் பெட்ரோல் செலவில் இப்படி எத்தனையோ செய்திகளை அனுப்பலாம்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு மேல், கம்பெனிப் பேருந்து இறக்கிவிட்டு வீடு சேர்ந்த பிறகு, சோறு பொங்கும் நேரத்தில் வந்தால் போதும். ஒரு வாரம் முன்பே வருவது மறந்துபோகும். புதன் காலை வருவது, வயல் வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ கிளம்பியவளைத் திருப்பாது. பொங்கலும் தீபாவளியும் புதனன்று வரும் வாரங்களில் முகாம் என்றைக்கு மாறுகிறதோ அதை அந்த வாரமே சொல்லிவிடவேண்டும். மாறாத தேதிக்கு வரும் செய்தி செய்யும் நன்மையைவிட, மாறிய தேதிக்கு வராமல் போகும் செய்தி செய்யும் கெடுதல்தான் அதிகம்.

இப்போது, செய்தி அனுப்பும் பக்கத்தின் கடமையைச் சொல்லவேண்டும். நாளை வா என்று அழைத்துவிட்டு, வந்தவளைத் திருப்பி அனுப்பக்கூடாது. தட்டம்மை ரூபெல்லா குப்பியில் ஐந்து குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். அதைக் கலந்தபின் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாகவேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிடவேண்டும். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்பதுதான் விதி. ஆனாலும், மருந்து வீணானதற்குக் கணக்குச் சொல்லவேண்டுமே என்ற பயத்தில், "இன்னும் ரெண்டு பிள்ளை வரட்டும், அடுத்த வாரம் வாம்மா" என்று சொல்லும் வழக்கம் இருந்தது. நானும் சொல்லியிருக்கிறேன், மறைப்பதற்கில்லை. பாதி நாள் கூலியை விட்டு வந்தவளை இப்படி ஒருமுறை அனுப்பினால், அதன்பின் அவளுக்கு எத்தனை செய்தி அனுப்பினாலும் பலனில்லை. எத்தனை பேருக்குச் செய்தி போயிருக்கிறது என்பது முந்தைய நாளே செவிலியருக்குத் தெரிந்தால், எத்தனை குப்பி எடுத்துவரவேண்டும் என்பதும், அவர்களை ஒரே நேரத்தில் வரச் சொல்லலாமா என்பதும் தெரியும். வீணாவதும் குறையும்.

இதுவரை ஊசியையே பேசிவிட்டேன். ஆனால் செய்தியில் 'எடை' என்ற சொல்லை நான் விடாமல் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஊசி இல்லாத மாதங்களில் குழந்தையை யாரும் கொண்டுவருவதில்லை. அங்கன்வாடியில் எடை பார்க்கிறார்கள். 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து பார்க்கிறது. ஆனால் குழு வரும் நாள் அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெரிந்த அளவு தாய்க்குத் தெரிவதில்லை. அன்றைக்கென்று பார்த்துக் குழந்தை பாட்டியோடு வேறு ஊரில் இருக்கும். இந்த நாளுக்கும் ஒரு செய்தி போகவேண்டும் என்று நான் யாரிடமெல்லாமோ சொல்லிப் பார்த்தேன்.

ஊக்கத் தவணைக்கு மூன்று மாதம் தாமதித்து வந்த ஒரு பெண் குழந்தை. ஊசி போடும் அறையில் அந்த வயதுக் குழந்தைகள், பக்கத்து அறையில் மற்றொரு குழந்தை அழுதாலே உதட்டைப் பிதுக்கத் தொடங்கிவிடும். அன்று மூன்று குழந்தைகள் வரிசையாக வீறிட்டு அழுதுகொண்டிருந்தன. இவள் மட்டும் அம்மாவின் தாலிக் கயிற்றை முறுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். எவர்சில்வர் தட்டு ஒன்று கைதவறிக் கீழே விழுந்தபோதும் திரும்பவில்லை. "ரொம்ப அடக்கமான பொண்ணு நர்சம்மா, சத்தமே போடாது" என்று பாட்டி பெருமையாகச் சொன்னார். காது கேட்கவில்லை என்பது மாவட்டத் தலைநகரில் சோதித்தபோது உறுதியாயிற்று. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்த வழி இருக்கிறது. ஆனால் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நன்றாகப் பேச்சு வரும். ஒரு வயதில் எடை பார்க்கக் கொண்டுவந்திருந்தால் ஏழு மாதம் முன்னதாகவே தெரிந்திருக்கும். அந்த வீட்டில் அப்போது மூன்று கைபேசிகள் இருந்தன.

துணிப்பைக்குத் திரும்புகிறேன். குறுஞ்செய்திக்குப் பின்னும் வராத குழந்தைகளின் பட்டியல் வியாழக்கிழமை காலையில் அந்தந்தச் செவிலியரின் கைக்கு வரவேண்டும். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் அட்டவணையாக வருவதற்கு அல்ல, அன்றே கூப்பிடுவதற்கும் போய்ப் பார்ப்பதற்கும். செய்தி நூறு வீடுகளை அழைக்கட்டும். மிஞ்சும் பத்து, பதினைந்து வீடுகளுக்குச் செவிலியர் போகட்டும். ஹரியானாவில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் நடத்திய பெரிய ஆய்விலும், செலவுக்கு ஏற்ற பலன் மிகுதியாகக் கிடைத்தது வெறும் செய்தியால் அல்ல. ஊரில் எல்லாரிடமும் செய்தியைக் கொண்டுசேர்க்கக் கூடியவர் என்று ஊர்க்காரர்களே காட்டிய ஆளையும் குறுஞ்செய்தியையும் சேர்த்துப் பயன்படுத்தியபோதுதான். நம் ஊர்களில் அந்த ஆளைத் தேடவே வேண்டாம். பால் சொசைட்டியிலும் மகளிர் குழுவிலும் இருக்கிறார்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்க விரும்பவில்லை. பட்டியல் கொடுத்தால் போகமாட்டேன் என்று எந்தச் செவிலியரும் சொல்லமாட்டார். போக நேரம் இல்லை என்பார், அது உண்மை. துணை சுகாதார நிலையத்தில் ஒரே விவரத்தைப் பதிவேட்டிலும் பல தளங்களிலும் திரும்பத் திரும்ப ஏற்றுவதிலேயே பகல் கழிகிறது. இணைய வேகம் இல்லாத ஊர்களில் இரவு வீட்டில் உட்கார்ந்து ஏற்றுகிறார்கள். நினைவூட்டும் வேலையைக் கைபேசி எடுத்துக்கொள்வதால் மிச்சமாகும் நேரம் நடப்பதற்குக் கிடைக்கவேண்டும். இன்னொரு படிவம் நிரப்புவதற்குப் போய்விட்டால் பயனில்லை. காலியாகக் கிடக்கும் செவிலியர் பணியிடங்களுக்குக் குறுஞ்செய்தியை மாற்றாகக் காட்டும் எண்ணம் யாருக்காவது இருந்தால், அதையும் இப்போதே கைவிட்டுவிடலாம்.

சென்ற செவ்வாய்க்கிழமையும் என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. ஐந்து வயது ஊசிக்கான நினைவூட்டல். பையனின் பெயரைப் பார்த்ததும் முகம் நினைவுக்கு வந்தது, பிறந்தபோது இரண்டு கிலோ நூறு கிராம். குடும்பம் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறது. அவன் சித்தியிடம் எண் வாங்கி அவன் அம்மாவைக் கூப்பிட்டேன். அட்டை ஊரில் இருக்கிறது, அது இல்லாமல் அங்கே போடமாட்டார்களோ என்று தயங்கினாள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தையின் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லிக் கேள், போடுவார்கள் என்றேன். அட்டையைச் சித்தி படம் எடுத்து அனுப்பிவிட்டாள். அவன் அம்மாவின் புதிய எண்ணை, இன்று என் பழைய நிலையத்தில் இருக்கும் செவிலியரிடம் கொடுத்து, பதிவில் இருக்கும் என் எண்ணை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். இன்னும் ஆறு பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
ஆரணி வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.